மாத்திரைக்குப் பிறகான பகல்

மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரே முறையீடு வெவ்வேறு குரல்களில் காதில் விழும். “நல்லா தூங்குறான் டாக்டர், சாப்பிடுறான், தனக்குத்தானே பேசுறதும் நின்னுபோச்சு. ஆனா ஒரு வேலையும் செய்யமாட்டேங்கிறான். சும்மாவே கெடக்கிறான்.” மருத்துவர் மாத்திரையைச் சற்று மாற்றி எழுதுவார். அடுத்த மாதமும் அதே முறையீடு வரும். 1952இல் குளோர்புரோமசைன் வந்தது முதல் இன்றுவரை, மாயக்குரல்களையும் ஆதாரமற்ற சந்தேகங்களையும் அடக்குவதில் மருந்துகள் பெருமளவு வென்றிருக்கின்றன. ஆனால் காலையில் எழுந்து குளிக்க வேண்டும் என்ற முனைப்பையும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் தெம்பையும் எந்த மாத்திரையும் நேரடியாகத் தந்ததில்லை.

இந்த இடைவெளியில் வேலை செய்யும் துறைதான் ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறோம். பக்கவாதம் வந்த கைக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் உரியது என்றுதான் பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். உண்மையில் இதன் வேர்களில் தடித்தது மனநோய் விடுதிகளில்தான் ஓடுகிறது. செயல் குணமாக்குமா என்பது இத்துறையின் மூலக்கேள்வி. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் விடைகளைப் பார்க்கும்போது, கூடவே இன்னொன்றையும் கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்று தோன்றுகிறது: அது யாருடைய செயல்?

சும்மா இருப்பது நோயின் விளைவா, நோயை வளர்ப்பதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1960களில் இங்கிலாந்தில் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் இருவரும் நெதர்ன், செவரல்ஸ், மேப்பர்லி ஆகிய மூன்று மனநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகத் தங்கியிருந்த, மனச்சிதைவு நோயுள்ள பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். நோயின் கடுமையை மட்டும் அவர்கள் அளக்கவில்லை. அந்தப் பெண்களுக்குச் சொந்தமாக என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, வெளியுலகத் தொடர்பு எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை மணிநேரம் எதுவுமே செய்யாமல் கழிகிறது என்பதையும் எழுதிவைத்தார்கள். 1970இல் நூலாக வந்த அந்த ஆய்வின் முடிவு மனநல மருத்துவத்தையே கொஞ்சம் சங்கடப்படுத்தியது. பேச்சற்றுப் போவதும் உணர்ச்சி மழுங்குவதும் ஒதுங்கிக்கொள்வதும் நோயினால் மட்டும் வருபவையல்ல. ஒன்றும் செய்யாமல் கழியும் நேரம் குறைந்த இடத்தில்தான் முன்னேற்றமும் தெரிந்தது. மறுபக்கத்தையும் விங் கண்டிருந்தார். தயார்செய்யாமல் அவசரமாக வேலைக்குள் தள்ளினால், அடங்கியிருந்த அறிகுறிகள் சிலருக்குத் திரும்பிவிட்டன. வெறுமையும் கெடுக்கும், திணிப்பும் கெடுக்கும் என்றால் நடுவில் எவ்வளவு என்பதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூடை முடையவும் மெழுகுவத்தி வார்க்கவும் கற்றுத்தருபவர் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

டீ போடுவதை எடுத்துக்கொள்வோம். பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிவர வேண்டும். அடுப்பைப் பற்றவைத்தபின் கவனம் வேறெங்கும் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும். பொங்குவதற்குள் தணலைக் குறைக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது நினைவில் இருக்க வேண்டும். கடைசியில் தம்ளரை நீட்டும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். மனச்சோர்வு உள்ளவருக்கு இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். எழுந்திருக்கவே மனம் வராது. மனச்சிதைவில் முனைப்பு குன்றுவதோடு, அடுத்து என்ன என்ற வரிசையும் நடுவில் தவறும். எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர் தம்ளரைக் கழுவிக்கொண்டே நிற்பார், பால் பொங்கி வழியும். மிகையெழுச்சியில் இருப்பவர் அடுப்பை எரியவிட்டு மொட்டைமாடியில் வேறொரு வேலையைத் தொடங்கியிருப்பார். பதற்ற நோய் உள்ளவருக்கு டீ போடுவதில் சிக்கலே இல்லை. பால் வாங்கத் தெருமுனைவரை போவதுதான் முடியாது. வீட்டார் பார்வையில் இவர்கள் ஐந்து பேருமே “டீ கூடப் போடத் தெரியாதவர்கள்”.

கண்ணி எங்கே அறுகிறது என்பதைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் செயல்முறை மருத்துவரின் முதல் திறமை. கேட்டுத் தெரிந்துகொள்வதில் பாதிதான் கிடைக்கும். அந்த அடுப்படியிலேயே நின்று பார்க்க வேண்டும். கண்டபின் செயலைத் துண்டுகளாக்கி, இன்றைக்கு எந்தத் துண்டு அவருடையது என்று தீர்மானிக்கிறார். முதல் வாரம் பக்கத்தில் ஒருவர் நிற்கப் பால் காய்ச்சுவது மட்டும். பிறகு சுவரில் ஒட்டிய படவரிசையைப் பார்த்து முழு டீ. பிறகு கூட்டமில்லாத மதிய வேளையில் கடைக்கு. இன்னும் பிறகு, காலையில் வரிசை நிற்கும் நேரத்தில். ஆளைப் பழக்குவதோடு இடத்தையும் மாற்றுகிறார்: நேரம் முடிந்தால் தானே அணையும் மின்னடுப்பு, போனில் அலாரம், மாத்திரைக்கு நாள் குறித்த டப்பா. பார்ப்பதற்கு இதில் பெரிய வித்தை ஒன்றும் தெரியாது. மனநலத் துறைக்குள்ளேயே இதற்கு மதிப்புக் குறைவாக இருப்பதற்கும் அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவருக்கு டீ போட வேண்டும் என்று ஆசை இருக்கிறதா? கனடாவில் 1991இல் வெளிவந்து உலகெங்கும் புழங்கும் செயல்திறன் அளவுமுறை ஒன்றில், தனக்கு முக்கியமான செயல்கள் எவை என்பதை நோயாளியே சொல்கிறார். அவற்றை எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்பதற்கும் அவரே பத்துக்கு மதிப்பெண் போடுகிறார். அமெரிக்கரான கேரி கீல்ஹோஃப்னர் 1980இல் சகாக்களோடு முன்வைத்த மாதிரி, ஒருவரின் செயலை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொன்னது: அவருடைய விருப்பமும் தன்னம்பிக்கையும், பழக்கமும் பொறுப்பும், உடல்-மனத் திறன், சுற்றியிருக்கும் சூழல். நம் குடும்பங்கள் மூன்றாவதை மட்டுமே பார்க்கின்றன. கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் செய்யக் கூடாது என்பது அங்கிருந்து எழும் கேள்வி.

இத்துறையின் வரலாற்றில் இரண்டு நீரோட்டங்கள் கலந்து ஓடுகின்றன. பாரிசில் பினேல், இங்கிலாந்தில் 1796இல் யார்க் ரிட்ரீட்டைத் திறந்த வில்லியம் டியூக் போன்றோர், சங்கிலியும் அடியும் இல்லாமல் மரியாதையும் ஒழுங்கான அன்றாட வேலையும் மனநோயாளியை மீட்கும் என்று நம்பினார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடுதிகள் பெருத்து ஆயிரக்கணக்கானோர் அடைபட்டபோது, தோட்டவேலையும் சலவையும் தையலும் விடுதியின் செலவைக் குறைக்கும் கூலியில்லா உழைப்பாக மாறின. சிகிச்சை என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

நவீன வடிவம் அமெரிக்காவில் உருவானது. சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்னும் சமூகசேவை இல்லத்தின் வட்டத்தில் பயின்ற எலினார் கிளார்க் ஸ்லேகில், நாளின் ஒவ்வொரு மணியையும் திட்டமிட்டுப் பழக்கங்களை மீட்டெடுக்கும் பயிற்சியை வகுத்தார். அவர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநலப் பிரிவின் தலைவர் அடால்ஃப் மேயர், உழைப்பு, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்னும் தாளம் குலைவதே மனநோயின் முக்கியக் கூறு என்று 1921இல் ஒரு கட்டுரை வாசித்தார். மறு ஆண்டு அச்சான அதை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டில் துறைக்கான சங்கம் தொடங்கப்பட்டது. அந்த வீட்டின் சொந்தக்காரரும் சங்கத்தின் முதல் தலைவருமான ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயாளி. பாதத்தின் ஒரு பகுதியை இழந்து, பிறகு இடப்பக்கம் செயலிழந்தவர். தச்சுவேலையும் தோட்டமும் தன்னை மீட்டதை உணர்ந்து அந்த அனுபவத்துக்குப் பெயர் வைத்தார். துறையைத் தொடங்கியவர்களில் ஒருவர் நோயாளியாக இருந்தவர் என்பதை அதன் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். 1948இல் நியூயார்க்கில் மனநோயுள்ளவர்களுக்கான ஃபவுண்டன் ஹவுஸ் மன்றம் தோன்றியதும் ராக்லண்ட் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த நோயாளிகள் ஒன்றுகூடியதால்தான்.

கூலியில்லா உழைப்பு என்ற கறை அமெரிக்காவில் 1973இல் நீதிமன்றம் ஏறியது. சவுடர் எதிர் பிரென்னன் வழக்கில், மருத்துவமனைக்குப் பயன்படும் வேலையை நோயாளி செய்தால் குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று தீர்ப்பானது. பல மருத்துவமனைகள் கூலி தருவதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன. சுரண்டல் போனது, விங்கும் பிரவுனும் எச்சரித்த வெறுமை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்தியாவில் இத்துறையை நிலைநிறுத்தியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, மணமாகி இங்கே வந்தவர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தமிழ்நாட்டில் இதன் தடம் கீழ்ப்பாக்கத்துக்கும் வேலூருக்கும் போகிறது. 1794இல் தனியார் விடுதியாகத் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை மனநோய் மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தார் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படுபவர். அடைத்துவைக்கும் இடத்தை மறுவாழ்வு தரும் இடமாக மாற்ற முயன்ற அவர் காலத்தில் அங்கே தொழிற்சிகிச்சை வலுப்பெற்றது. 1984இல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் அமைப்பு உருவானதிலும் அவர் பங்கு பெரிது. வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் அமைத்த மனநல மையம் வேறொரு வழியில் போனது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்க வேண்டும் என்பது அங்குள்ள முறை. வீட்டில் நடக்கப்போவதை வீட்டாரோடு சேர்ந்தே பழகிப்பார்க்க அது இடம் தந்தது.

இதே மாநிலத்தில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநோயாளர் விடுதி ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதைப் பாதுகாப்புக் குறைபாடாகவும் உரிமமற்ற விடுதிகளின் பிரச்சினையாகவும் மட்டுமே பேசி முடித்துவிட்டோம். தீப்பிடிக்காத நாள்களில் அங்கே அவர்களுடைய பகல் எப்படிக் கழிந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இனி ஆதாரம். இங்கே நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. துறையைச் சார்ந்தவர்கள் சொல்லும் அளவுக்கு அது திரண்டு நிற்கவில்லை. இங்கிலாந்தில் மனப்பிறழ்வு நோயுள்ள 44 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான முன்னோட்டச் சோதனையில், இச்சிகிச்சை பெற்றவர்கள் முன்னேறினார்கள்; வழக்கமான கவனிப்பு பெற்றவர்களும் முன்னேறினார்கள். இரண்டுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆய்வு சிறியது என்பது உண்மை. இத்துறையின் ஆய்வுகள் பலவும் சிறியவை என்பதும் உண்மை.

நெதர்லாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தால் சுவாரசியம். வேலை தொடர்பான மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 62 பேரிடம் நடத்தி 2007இல் வந்த முதல் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு செயல்முறை மருத்துவமும் சேர்ந்தபோது மனச்சோர்வு கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் வேலைக்குப் போகாத நாள்கள் குறைந்தன. அதே குழுவினர் 117 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் முடிவு கிட்டத்தட்டத் தலைகீழ். மொத்த வேலைப் பங்கேற்பில் வேறுபாடு இல்லை. மனச்சோர்விலிருந்து நீண்டகால மீட்சியும், நல்ல நலத்தோடு வேலைக்குத் திரும்புவதும் கூடின. துறையின் எதிரிகள் இதைக் குழப்பம் என்பார்கள். வேலையும் மனநிலையும் ஒன்றையொன்று எந்த வரிசையில் தூக்கிவிடுகின்றன என்பது இன்னும் நம் கைக்கு அகப்படவில்லை என்றே நான் படிக்கிறேன்.

எல்லாவற்றிலும் உறுதியான ஆதாரம் வந்திருப்பது வேலைவாய்ப்பில். 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் பழைய வரிசையைப் புரட்டிப்போட்டார்கள். பட்டறையில் ஆண்டுக்கணக்கில் பழக்கி, தகுதி வந்தபின் வேலைக்கு அனுப்புவது பழைய முறை. இவர்கள், வேலை வேண்டும் என்று சொல்பவருக்கு வெளிச்சந்தையில் அவர் விரும்பும் வேலையை உடனே தேடித்தந்து, அங்கேயே துணைநின்று பழக்கினார்கள். இதை ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் சோதித்து 2007இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தவர்கள் புதிய முறையில் 55 சதவீதம், பழைய முறையில் 28. இப்படித் துணைநிற்பவர் செயல்முறை மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பல இடங்களில் அப்படி இல்லை. ஆனாலும் பாதுகாப்பான பட்டறையில் நிஜ வாழ்க்கைக்கு ஒத்திகை பார்ப்பதைவிட நிஜ வாழ்க்கையிலேயே துணைநிற்பது மேல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய எண்கள் இல்லை. நம் மறுவாழ்வு மையங்களில் இன்னும் காகித உறை ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த எண்களை யாராவது எடுத்துப்போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் சொந்தச் சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்றிலும் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடத்தி 2014இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிப் போய் மருந்து, அன்றாடச் செயல், குடும்பம், வேலை என்று துணைநின்றார்கள். ஓராண்டில் அறிகுறிகளும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. பலன் மிகுதியாகத் தெரிந்தது தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில். அந்தப் பணியாளர்கள் செயல்முறை மருத்துவம் படித்தவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்களுக்கு இது கசக்கலாம். திட்டமிடவும் பழக்கவும் மேற்பார்க்கவும் ஒருவர், வீடு வீடாகப் போகப் பலர் என்ற ஏற்பாட்டுக்கு இது வழிகாட்டுகிறது என்று எடுத்துக்கொண்டால் கசக்க வேண்டியதில்லை. பேன்யன் அமைப்பு 2015இல் தொடங்கிய ஹோம் அகெய்ன் திட்டமும் இந்த வரிசையில் வைக்கத் தக்கது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் சிலராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இன்று என்ன சமையல் என்பதை அவர்களே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. காப்பகத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

வீடு என்றதும் அதன் மறுபக்கமும் வருகிறது. மேலே சொன்ன ஜார்ஜ் பிரவுன்தான், நோயாளியைக் குத்திக்காட்டும் வீட்டிலும் அளவுக்கு மீறித் தாங்கும் வீட்டிலும் நோய் திரும்ப வருவது அதிகம் என்பதையும் காட்டியவர். நம் வீடுகளில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அப்பா “தண்டச்சோறு” என்பார். அம்மா “பாவம், அவனே முடியாம இருக்கான்” என்று சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவிட மாட்டார். கத்தி கூடாது, அடுப்பு கூடாது, பணம் கூடாது, தனியே வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு தடைக்கும் ஒருகாலத்தில் நியாயம் இருந்திருக்கும்; நோய் தணிந்தபின்னும் தடை தணிவதில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து, எந்தத் தடையை இந்த மாதம் எடுத்துப்பார்க்கலாம் என்று பேசி முடிப்பதுதான் இங்கே பாதிச் சிகிச்சை.

பெண்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் 90 மனச்சிதைவு நோயாளிகளைக் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, ஆண்களின் சம்பள வேலையோடு பெண்களின் வீட்டு நிர்வாகத் திறனையும் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். மேற்கத்திய அளவுகோலில் கணக்கில் வராத உழைப்பைக் கணக்கில் எடுத்தது நல்ல காரியம். ஆனால் மாமியார் வீட்டில் மறுபடியும் பத்துப் பேருக்குச் சமைக்கத் தொடங்கிவிட்டாள் என்பதைக் குணமானதற்கு அடையாளமாக எழுதிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சுமையே அவளை ஒடித்ததாகவும் இருக்கலாம். அவள் விரும்பியது தையல் கடை வேலையாக இருக்கலாம். அவளைக் கேட்காமல் வகுத்த செயல்திட்டம், வீட்டாருக்கு ஓர் ஆள் திரும்பக் கிடைத்த திட்டமாகவே முடியும்.

சட்டம் இதில் பாதிதூரம் வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததோடு, மனநல நிறுவனத்தில் நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தரவேண்டும் என்றும் 20ஆம் பிரிவில் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலை ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களையும் சேர்த்தது. மனநோயால் வரும் இயலாமையை நம் அரசு அளக்கும் ‘ஐடியாஸ்’ அளவுகோலைப் பாருங்கள். சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், தொடர்புகொள்ளுதல், வேலை என்னும் நான்கையும் மதிப்பிட்டு, நோயின் கால அளவையும் சேர்த்து, 40 சதவீதம் தேறினால் சான்றிதழ். நான்குமே செயல்முறை மருத்துவரின் அன்றாடக் களம்.

அப்படியிருந்தும், சான்றிதழ் தருவதற்கு அளக்கப்படும் அந்த நான்கையும் சரிசெய்ய அமர்த்தப்பட வேண்டியவரை அமைப்பு மறந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநலப் பணியாளர் யார் என்ற வரையறைக்குள் மனநல மருத்துவரும் உளவியலாளரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் படித்த முதுநிலைப் பட்டதாரியும் வருகிறார். செயல்முறை மருத்துவர் பெயர் இல்லை. 1996 முதல் நடந்துவரும் மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியிடப் பட்டியலிலும் அவருக்கு இடம் ஒதுக்கவில்லை. 2021இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் இத்துறைக்குத் தேசிய அளவில் ஒழுங்குமுறையும் பதிவும் வர வழிசெய்திருப்பதால், தகுதியை யார் உறுதிசெய்வது என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. வேலூரிலும் சென்னையிலும் கோவையிலும் படித்துமுடித்து வருபவர்களில் பெரும்பாலோரைக் குழந்தைகள் தெரபி மையங்களே எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் அங்கேதான் இருக்கிறது. மனநலத்தில் பணியிடமே இல்லாதபோது ஆர்வத்தை மட்டும் நம்பி யாரும் வர மாட்டார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றின் மனநலப் பிரிவிலும் ஒரு பணியிடம், வாரத்தில் பாதிநாள் வீடுகளுக்குப் போய்வர வண்டியும் படியும், கூடவே உள்ளூர்ப் பணியாளர் சிலர் என்பது ஒரு மாவட்டத்தின் சுகாதாரச் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை. 2014ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெளிவாகத் தெரிந்த தமிழ்நாட்டிலிருந்தே அதைத் தொடங்கிப் பார்க்கலாம்.